தனுஷ்கோடியில் மாணவர் குறும்படம்

எங்கள் கல்லூரிப் பசங்களின் குறும்படத்துக்கான படப்பிடிப்பு தனுஷ்கோடியில் முடிந்தது. 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவர்தான் பின்னணி. அங்கே படமெடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் சவால் வெளிச்சம். மணல் கீழிருந்து ஒளியைத் திருப்பி அடிப்பதால் முகத்தில் நிழலே விழாது. முகத்தில் ஒளியைத் திருப்ப வழக்கமாகப் பிடிக்கும் தெர்மாகோல் தேவைப்படவில்லை. அதற்குப் பதிலாக, நடிகரின் ஒரு பக்கம் கருப்புத் துணியை இழுத்துப் பிடித்தோம். அப்போதுதான் கன்னத்தில் குழி தெரிந்தது, முகத்துக்கு வயசு வந்தது. ஷட்டரை 1/50 நொடியில் வைக்க வேண்டுமென்றால், லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் அந்த வெயிலில் ரொம்பக் கஷ்டம்.

அப்புறம் காற்று. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதம். மைக்குக்கு ரோமக் கவசம் போட்டும் வசனம் அடிபட்டது. அங்கே சிப்பி மாலை விற்கும் அக்கா ஒருவர், "அந்தச் சுவருக்குப் பின்னால நில்லுங்க தம்பி, காத்து ஏறாது" என்றார். அவர் சொன்ன இடத்தில் நின்று வசனத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்தோம். எடிட்டிங்கில் அச்சாகப் பொருந்தியது.

காற்றில் மணல் பறப்பதால் லென்ஸைத் திறந்தவெளியில் மாற்றாதீர்கள், வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். அங்குள்ள மனிதர்களிடம் கேட்டுவிட்டுக் கேமராவைத் திருப்புங்கள். அவர்கள் வீட்டு வாசல் அது.

இப்போது படத்தின் நிறங்களைச் சரிசெய்யும் கலர் வேலை போய்க்கொண்டிருக்கிறது. முடிந்ததும் அந்த அக்காவுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டப் போகிறோம்.