பழைய பார்னை வீடாக்கணும்னா முதல்ல வவ்வாலைக் கேளுங்க

ஹியர்ஃபோர்ட்ஷயர்ல ஒரு சின்ன ஆர்கிடெக்ட் ஆஃபீஸ்ல வேலை பாக்கறேன், அதனால இங்கிலாந்துல பழைய பார்ன், அதாவது பண்ணைல தானியம், வைக்கோல் வைக்கற பெரிய கட்டடம், வாங்கி வீடா மாத்தலாமான்னு யோசிக்கற நம்ம ஆளுங்க அடிக்கடி எனக்கு மெசேஜ் போடறாங்க. செலவு எவ்வளவு ஆகும், கவுன்சில்ல பெர்மிஷன் கிடைக்குமா, எத்தனை பெட்ரூம் வரும், இதுதான் கேள்வி. நான் திருப்பிக் கேக்கற முதல் கேள்வி "இது எந்த மாசம் நடக்கப்போகுது?" அதான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பதிலே வராது. போன வாரம் ஒரு அண்ணா அப்படித்தான், அக்டோபர்ல விலை பேசி முடிக்கறோம், பிப்ரவரில பெர்மிஷன் வாங்கி ஏப்ரல்ல வேலை ஆரம்பிச்சுடலாம்னு கணக்கு போட்டு வச்சிருந்தார். அந்தக் கணக்குல வவ்வாலே இல்ல. அவருக்கு ஃபோன்ல சொன்னதைத்தான் இங்க விரிவா எழுதறேன். இது இங்கிலாந்து கணக்கு, வேல்ஸ், ஸ்காட்லாந்துல வவ்வால் விஷயத்துக்கு லைசென்ஸ் குடுக்கற அமைப்பு வேற.

இந்தப் பக்கத்துல மரச்சட்டம் போட்ட பார்ன், கல்லு பார்ன், பீர்ல போடற ஹாப்ஸ் பூவைக் காயவைக்கற பழைய சூளைன்னு நிறைய கட்டடம் சும்மா நிக்குது. இப்போ வர்ற டிராக்டரும் மெஷினும் அந்த வாசல்ல நுழையாது, அதனால விவசாயி பக்கத்துலயே பெரிய ஷீட் கொட்டகை போட்டுட்டு பழசை விட்டுடறார். மனுஷன் விட்ட இடத்துல வவ்வால் குடியேறும். ரெண்டு மரம் சேர்ற இணைப்புல இருக்கற ஓட்டை, முகட்டு ஓட்டுக்கு அடியில இருக்கற சந்து, சுண்ணாம்புக் காரை உதிர்ந்த கல்லு இடுக்கு, பலகைச் சுவருக்குப் பின்னாடி, இப்படி கட்டைவிரல் நுழையற இடம் போதும் அதுக்கு. நாட்டரர்ஸ் வவ்வாலுக்கு அந்த மர இணைப்பு ஓட்டைன்னா ரொம்ப இஷ்டம், பழைய பார்ன்கள்ல அதைத் தேடி டார்ச் அடிச்சுப் பாக்கறதே தனி வேலை.

நம்ம ஊர் வவ்வாலை மனசுல வச்சுக்காதீங்க. ஆலமரத்துல தலைகீழாத் தொங்கற பழந்தின்னி இல்ல இது. இங்க இருக்கறது எல்லாம் பூச்சி தின்னி, மொத்தம் 18 வகை. அதிகமா பாக்கற பிப்பிஸ்ட்ரெல் அஞ்சு கிராம் சுமாருக்குத்தான் இருக்கும், ஆனா ஒரே ராத்திரில மூவாயிரம் பூச்சி வரைக்கும் சாப்பிடும். வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி. எலி மாதிரி சட்டுனு பெருகிடும்னு நினைக்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க, ஏன்னா ஒரு கூரைல இருக்கற தாய் கூட்டத்தை கலைச்சா அந்த வட்டாரத்துல அந்த எண்ணிக்கை திரும்பி வர எத்தனையோ வருஷம் ஆகும். காடு வெட்டினது, பூச்சிமருந்து, மரத்துல புழு வராம இருக்க கூரைக்குள்ள அடிச்ச லிண்டேன், டீல்ட்ரின் மாதிரி விஷம், இதெல்லாம் சேர்ந்து போன நூற்றாண்டுல வவ்வாலை ரொம்ப குறைச்சிடுச்சு. 1981ல வந்த வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டம் அதுக்கு பாதுகாப்பு குடுத்துச்சு, இப்போ அதோட 2017ல வந்த வாழிட ஒழுங்குமுறைகளும் சேர்ந்து நிக்குது.

அந்தச் சட்டம் சொல்றதுல ஒரு விஷயத்தை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க: வவ்வாலுக்கு மட்டும் இல்ல, அது தங்கற இடத்துக்கும் பாதுகாப்பு. இப்போ ஜனவரி, உள்ள ஒண்ணுகூட இல்லன்னாலும் ஜூன்ல அது திரும்பி வர்ற இடம்னா அந்த ஓட்டையை அடைக்கறது குற்றம். "எனக்குத் தெரியாதுங்க"ன்னு சொல்லி தப்பிக்க முடியாது. உச்சவரம்பே இல்லாத அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். "யாரும் பாக்கறதுக்கு முன்னாடி கூரையைப் பிரிச்சுடுங்க"ன்னு காதுல ஓதறவங்க இருக்காங்க, அந்த அண்ணாகிட்டயும் ஒருத்தர் ஓதியிருக்கார், தயவுசெஞ்சு அந்தப் பேச்சு பேசறவங்களை வேலைக்கு வச்சுக்காதீங்க.

சரி, பெர்மிஷன் வாங்கிட்டு வவ்வால் இருக்கான்னு பொறுமையா சர்வே பண்ணிக்கலாமேன்னு அந்த அண்ணா கேட்டார். அது நடக்காது. 2005ல வந்த அரசாங்க சுற்றறிக்கைலயே, அதோட நம்பர் 06/2005, பாதுகாக்கப்பட்ட உயிரினம் இருக்கா, இந்த வேலையால அதுக்கு எவ்வளவு பாதிப்புன்னு தெரிஞ்ச பிறகுதான் பெர்மிஷன் முடிவு பண்ணணும், சர்வேயை கண்டிஷனா போட்டு தள்ளிவைக்கறது ரொம்ப விதிவிலக்கான சமயத்துல மட்டும்தான்னு இருக்கு. 2009ல செஷயர் ஈஸ்ட் கவுன்சில் மேல வந்த வூலி வழக்குல, வவ்வால் சட்டத்தை சரியா கணக்குல எடுக்காம குடுத்த பெர்மிஷனை ஹை கோர்ட்டே ரத்து பண்ணிடுச்சு. அதுக்கப்புறம் எந்த கவுன்சில் ஆஃபீஸர் ரிப்போர்ட் இல்லாம கையெழுத்து போடுவார்? போட மாட்டார், போடவும் கூடாது.

முதல் கட்டம் சுலபம். வருஷத்துல எந்த மாசமும் பண்ணலாம், லைசென்ஸ் இருக்கற எக்காலஜிஸ்ட், அதாவது உயிரினச் சூழல் நிபுணர், பகல்ல வந்து ஏணி, டார்ச், ஓட்டைக்குள்ள விடற எண்டோஸ்கோப் கேமரா எல்லாம் வச்சு கட்டடத்தை உள்ளயும் வெளியயும் அலசுவாங்க. புழுக்கையைத்தான் முதல்ல தேடுவாங்க. எலிப் புழுக்கை காஞ்சா கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், வவ்வாலோடது விரல்ல நசுக்கினா பொடியா உதிரும், உத்துப் பாத்தா பூச்சி ஓட்டோட மினுமினுப்பு தெரியும். எந்த வகைன்னு சந்தேகம்னா லேப்ல டிஎன்ஏ பாத்துடலாம். அப்புறம் உத்திரத்துக்கு நேர் கீழ அந்துப்பூச்சி இறக்கை மட்டும் குவிஞ்சு கெடந்தா அது நீளக்காது வவ்வால் உக்காந்து சாப்பிட்ட இடம், உடம்பைத் தின்னுட்டு இறக்கையை கீழ போட்டுடும். ஒரு சந்து முழுக்க ஒட்டடை இருந்து நடுவுல ஒரு இடம் மட்டும் சுத்தமா இருந்தா, வவ்வால் போய்வர்ற வழியா இருக்கலாம்னு அதையும் குறிச்சுப்பாங்க. முதல் தடவை கூட நின்னு பாத்தப்போ எனக்கு இது துப்பறியற வேலையாத்தான் தெரிஞ்சுது.

இந்தப் பகல் சோதனைல ஒண்ணுமே இல்ல, இருக்க வாய்ப்பும் இல்லன்னு எழுதிட்டா அத்தோட முடிஞ்சுது. ஆனா பழைய பார்ன்ல அப்படி எழுதறது அபூர்வம், ஏன்னா சந்து இல்லாத பார்ன் எங்க இருக்கு? வாய்ப்பு குறைவு, நடுத்தரம், அதிகம்னு மூணு தரம் பிரிப்பாங்க, அதுக்கேத்த மாதிரி ஒண்ணு, ரெண்டு, மூணு சாயங்கால சர்வே, அதாவது வவ்வால் வெளிய பறந்து வர்றதை உக்காந்து எண்ணறது. இங்கதான் காலண்டர் நம்மளைப் பிடிக்குது. இந்த சர்வே மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும்தான், அதுலயும் மே டு ஆகஸ்ட்தான் முக்கியம், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல குறைஞ்சது மூணு வாரம் இடைவெளி வேணும். குளிர்காலத்துல அதுங்க அசையாம தூங்குது, வெளிய வராததை எப்படி எண்ணறது? அதனால அக்டோபர்ல பார்ன் வாங்கினவர் பகல் சோதனையை இப்பவே முடிச்சுட்டு, சாயங்கால சர்வேக்கு அடுத்த மே வரைக்கும் காத்திருக்கணும். அதுக்கும் இப்பவே எக்காலஜிஸ்டை புக் பண்ணிடணும், ஏன்னா நாட்டுல எல்லாருக்கும் அதே நாலஞ்சு மாசம்தான், ஏப்ரல்ல ஃபோன் பண்ணா ஆள் கிடைக்க மாட்டாங்க.

சர்வே ராத்திரி ஒண்ணுல நீங்களும் போய் நில்லுங்க. ஜூன்ல இங்க சூரியன் மறையவே ஒன்பதரை ஆகும், அதுக்கு கால் மணி நேரம் முன்னாடியே ஆளுக்கொரு மூலைல நாற்காலி போட்டு உக்காந்துடுவாங்க. மழை, காத்து, பத்து டிகிரிக்குக் கீழ குளிர் இருந்தா அன்னிக்கு நடக்காது. இருட்டின பிறகு கண்ணுக்குத் தெரியாதேன்னுதான் இப்போ இன்ஃப்ராரெட் கேமராவும் வைக்கறாங்க, பேட் கன்சர்வேஷன் டிரஸ்ட்ங்கற வவ்வால் பாதுகாப்பு அமைப்பு 2023ல போட்ட நாலாவது பதிப்பு வழிகாட்டுதல்ல அது எதிர்பார்க்கப்படற விஷயமாவே ஆயிடுச்சு. கைல டிடெக்டர், நம்ம காதுக்கு எட்டாத சத்தத்தை அது கேக்கற சத்தமா மாத்திக் குடுக்கும். சாதா பிப்பிஸ்ட்ரெல் 45 கிலோஹெர்ட்ஸ் பக்கம், பாக்கறதுக்கு கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கற சொப்ரானோ பிப்பிஸ்ட்ரெல் 55 பக்கம், சின்ன லாட மூக்கு வவ்வால் 110 பக்கம் போய் குழையக் குழைய ஒரு ராகம் பாடும். பிப்பிஸ்ட்ரெல் சூரியன் மறைஞ்ச இருபது நிமிஷத்துல கிளம்பிடும், நீளக்காதும் நாட்டரர்ஸும் நல்லா இருட்டின பிறகுதான். ஓட்டு இடுக்குலேர்ந்து ஒண்ணு, ரெண்டு, அப்புறம் சரசரன்னு வரிசையா விழுந்து பறக்கறதைப் பாத்துட்டா அதுக்கப்புறம் இதை வெறும் ரூல்ஸ் தொல்லைன்னு சொல்ல வாய் வராது, எனக்கு வரல.

வவ்வால் இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா திட்டமே போச்சுன்னு நினைக்கறாங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பெண்ணம். பெரும்பாலும் போகாது, பிளான்தான் மாறும். அதுலயும் எந்த வகைங்கறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். பிப்பிஸ்ட்ரெல்னா முகட்டு ஓட்டுக்கு அடியில சந்து விட்டு, சுவர்ல வவ்வால் பெட்டி பதிச்சாலே பல சமயம் போதும். நீளக்காது அப்படி இல்ல, அது கூரைக்குள்ள பறந்து சுத்தணும், அதுக்கு மனுஷன் நிக்கற உயரத்துக்கு காலி கூரை அறை விடணும், கூரை வரைக்கும் திறந்த ஹால் வேணும்னு கனவு கண்டவங்களுக்கு இங்கதான் அடி விழும். சின்ன லாட மூக்குக்கு தவழத் தெரியாது, பறந்தே உள்ள நுழையற மாதிரி திறப்பு வேணும். அதனாலதான் எங்க ஆஃபீஸ்ல சர்வே வர்றதுக்கு முன்னாடி விரிவான பிளான் போட வேண்டாம்னு நான் கெஞ்சறது. பிளான் போட்டு, அதுக்கு மனசைக் குடுத்து, அப்புறம் மாத்தச் சொன்னா யாருக்கும் வலிக்கும். முன்னாடியே தெரிஞ்சா கார் நிறுத்தற கொட்டகை மேல வவ்வால் அறை வச்சுட்டு வீட்டுக்கூரையை நமக்கு வச்சுக்கலாம், அந்த மாதிரி நல்ல தீர்வெல்லாம் ஆரம்பத்துலயே உக்காந்து பேசினாத்தான் வரும்.

கூரைக்கு அடியில விரிக்கற ஷீட்டையும் சொல்லணும், பில்டர் இதை கவனிக்க மாட்டார். இப்போ எல்லாரும் போடற, மூச்சு விடற மெம்ப்ரேன்ல வவ்வால் நகம் உரசி உரசி நூல் பிரிஞ்சு வரும், அந்த நூல்லயே கால் சிக்கி அது செத்துப்போகும். வவ்வால் வர்ற கூரைல பழைய முறை தார் பூசின 1எஃப் ஃபெல்ட், இல்லன்னா நூல் பிரியாதுன்னு சோதிச்சு ஏத்துக்கிட்ட ஷீட், அது மட்டும்தான். ரிப்போர்ட்ல இருக்கும், ஆனா கூரை போடறவர் கைக்கு ரிப்போர்ட் போகாது, அதனால பேப்பர்ல எழுதி ஒட்டி வைங்க.

பெர்மிஷன் வந்தாலும் வவ்வால் தங்கற இடத்தைத் தொட நேச்சுரல் இங்கிலாந்துங்கற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட லைசென்ஸ் தனியா வேணும், பிளானிங் பெர்மிஷன் கைல வந்த பிறகுதான் அதுக்கு விண்ணப்பம். அவசியமான பொதுநலக் காரணம் இருக்கா, வேற வழியே இல்லையா, அந்த வவ்வால் கூட்டத்தோட நிலைமை கெடாம இருக்குமா, இந்த மூணு கேள்விக்கும் பதில் இருக்கணும். அதுக்கப்புறம் வேலைக்கும் காலம் உண்டு: குட்டி போடற கோடைலயும் தூங்கற குளிர்லயும் தொடக்கூடாது, பெரும்பாலும் ஏப்ரல் இல்ல செப்டம்பர், அக்டோபர் தான் கிடைக்கும். ஆகமொத்தம் அந்த அண்ணா இந்த அக்டோபர்ல வாங்கினா, அவர் பார்ன்ல இருக்கற வவ்வால் வகையைப் பொறுத்து, கூரைல கை வைக்கறது ரெண்டு வருஷம் வரைக்கும் தள்ளலாம். வங்கிக் கடன் வட்டி, வாடகை வீடு எல்லாத்தையும் இதை வச்சு கணக்கு போடுங்க. விலை பேசும்போதே பகல் சோதனை பண்ண விவசாயிகிட்ட அனுமதி கேளுங்க, சில நூறு பவுண்ட் செலவுல வாங்கலாமா வேண்டாமான்னே தெரிஞ்சுடும்.

கிளாஸ் கியூ பத்தியும் கேக்கறாங்க. ஆமா, பண்ணைக் கட்டடத்தை முழு அப்ளிகேஷன் இல்லாம, முன் ஒப்புதல் மட்டும் வாங்கி வீடாக்கற வழி அது, 2024 மே மாசம் விரிவாக்கி பத்து வீடு, 1000 சதுர மீட்டர் வரைக்கும் ஆக்கினாங்க. ஆனா அதுல போனாலும் வவ்வால் சட்டம் அப்படியேதான் நிக்கும், லைசென்ஸ் தேவைன்னா தேவைதான்.

சர்வே ரிப்போர்ட்டுக்கும் வயசு உண்டு. பன்னெண்டு மாசம் வரைக்கும் கவலை இல்ல, பதினெட்டு மாசம் தாண்டினா திரும்பப் பாக்கச் சொல்லுவாங்க, அதனால பழைய ஓனர் குடுக்கற ரிப்போர்ட்ல முதல்ல தேதியைப் பாருங்க. எல்லாம் முடிஞ்சு வேலை நடக்கும்போது திடீர்னு வவ்வால் தட்டுப்பட்டா அந்த இடத்துல வேலையை நிறுத்திட்டு, வெறுங்கையால தொடாம, உங்க எக்காலஜிஸ்டுக்கு ஃபோன் பண்ணுங்க. ஆள் இல்லன்னா பேட் கன்சர்வேஷன் டிரஸ்டோட நேஷனல் பேட் ஹெல்ப்லைன் இருக்கு. வேற எந்தக் கட்டத்துல சந்தேகம் வந்தாலும் கீழ கேளுங்க, பார்ன் எந்தப் பக்கம், கூரை ஓடா ஸ்லேட்டா, எந்த மாசம் வாங்கப்போறீங்கன்னு சேர்த்தே எழுதுங்க.