முதல் அச்சா, மறு அச்சா? சோதித்துப் பார்த்த வரிசை

பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று முதல் அச்சா என்று பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான்: 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி), சின்ன டார்ச், ஸ்கேல், பென்சில். பேனா மேசைப் பக்கமே வரக் கூடாது.

முதலில் காப்பிரைட் பக்கம். சேகரிப்பவர்கள் முதல் பதிப்பு என்று சொல்வது முதல் பதிப்பின் முதல் அச்சைத்தான். அந்தப் பக்கத்தில் எண்வரிசை, அதாவது வரிசையாக அச்சிட்ட எண்கள், இருந்தால் அதிலுள்ள மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். எண்கள் எந்த ஒழுங்கில் நின்றாலும் கணக்கு இதுதான். ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம் விதிவிலக்கு: 2000-களின் தொடக்கம் வரை பல ஆண்டுகள் அவர்களுடைய முதல் அச்சில் வரிசை 2-லிருந்தே தொடங்கும், கூடவே ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்ற சொல் இருக்கும். இரண்டாம் அச்சில் அந்தச் சொல்லை எடுத்துவிடுவார்கள், 2 அப்படியே நிற்கும். இது தெரியாமல் நல்ல பிரதிகளை ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய. ஸ்க்ரிப்னர் பதிப்பகம் 1930-லிருந்து பல பத்தாண்டுகள் முதல் அச்சுக்கு அடையாளமாக ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தை வைத்தது.

அதிகம் ஏமாற்றுவது புக் கிளப் பிரதி, அதாவது புத்தகக் கிளப் உறுப்பினர்களுக்கென்று தனியாக அச்சிட்ட பிரதி. பதிப்பகத்தின் அச்சுத் தகட்டையே பயன்படுத்தியிருந்தால் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்பதும் அதில் வந்துவிடும். மேலுறையைக் கழற்றி, பின் அட்டையின் கீழே முதுகை ஒட்டிய மூலையில் டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்தால், மையில்லாமல் அழுத்திய புள்ளியோ வட்டமோ சதுரமோ நிழலாகத் தெரியும். நேரே வெளிச்சம் அடித்தால் தெரியாது. குழி இல்லை என்பதால் மட்டும் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பிந்தைய கிளப் பிரதிகள் பலவற்றில் அது கிடையாது. உறையின் உள்மடிப்பில் விலை அச்சாகியிருக்கிறதா, அட்டையின் உயரம் குறைகிறதா, தாள் மெலிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விலை மூலை வெட்டப்பட்டிருந்தால் ஒரு முக்கியச் சாட்சி போயிற்று.

மேலுறைக்குத் தனிச் சோதனை. முதல் அச்சுப் புத்தகத்துக்குப் பிந்தைய உறையை மாட்டிவிடுவது சர்வசாதாரணம். பின்புறத்தில் அதே நாவலுக்கு வந்த மதிப்புரை வரிகள் இருந்தால் சந்தேகப்படலாம். 1950-களின் நாவலில் பார்கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம், உறை பிந்தையது. நகல் உறையை லூப் காட்டிக்கொடுக்கும்: அசலில் கறுப்பு எழுத்து திட்டமான மையாக இருக்கும், ஸ்கேன் செய்த நகலில் எழுத்தின் விளிம்பு பல வண்ணப் புள்ளிகளாகச் சிதறும்.

அச்சுப்பிழைகள் கடைசியில்தான். 1925-இன் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ முதல் அச்சில் 205-ஆம் பக்கத்தில் ‘சிக் அண்ட் டயர்ட்’ என்பது ‘சிக் இன் டயர்ட்’ என்று இருக்கும். 1997-இன் முதல் ஹாரி பாட்டர் நாவலில் 53-ஆம் பக்கப் பட்டியலில் ‘1 வாண்ட்’ (ஒரு மந்திரக்கோல்) இருமுறை வரும். ஆனால் இந்தப் பிழை பிற்கால அச்சுகள் சிலவற்றிலும் தலைகாட்டியிருக்கிறது. ஆகவே 10-லிருந்து 1 வரையான எண்வரிசையும், ‘ஜோஆன் ரோலிங்’ என்ற முழுப்பெயரும் காப்பிரைட் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தக் கெட்டி அட்டைப் பதிப்புக்கு மேலுறையே கிடையாது. உறையோடு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முடிவைத் தனித் தாளில் பென்சிலால் எழுதும்போது புத்தகத்துக்கு ஒரு வரி, உறைக்கு ஒரு வரி. எந்த அடையாளத்தைக் கண்ணால் பார்த்தோம், எது இல்லாததால் ஊகித்தோம் என்பதையும் பிரித்தே எழுத வேண்டும்.