யூரியா எங்கே போகிறது?

45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து சுமார் 20.7 கிலோ. அதில் பாதியைக்கூட நெற்பயிர் எடுப்பதில்லை. பருவநிலை மாறியதில் இந்த இழப்பு இன்னும் கூடுகிறது.

காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும். ஐப்பசி மழை பரவலாகப் பெய்யாமல் இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தால், வரப்பு வழிந்து உரம் வடிகாலுக்குப் போய்விடும். யூரியா மண்ணில் முதலில் அம்மோனியம் என்ற வடிவத்துக்கு வரும். இடையில் வயல் காய்ந்து வெடித்தால் அந்த அம்மோனியம், நைட்ரேட் என்ற வேறு வடிவத்துக்கு மாறிவிடும். களிமண் அம்மோனியத்தைப் பிடித்து வைக்கும், நைட்ரேட்டை விட்டுவிடும். அடுத்த மழையில் அது கீழே இறங்கும். நீர் தேங்கினால் வாயுவாகப் பறக்கும். அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு, அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான்!

கனமழை எச்சரிக்கை இருந்தால் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். வெயிலில், நிறையத் தேங்கிய நீரில் வீசுவதும் வீண், அம்மோனியாவாகப் போய்விடும். நீரை வடித்து, சேறு பதத்தில் போடுங்கள். யூரியா 5, ஜிப்சம் 4, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, நான்கு தவணையாகப் பிரித்துப் போடலாம். பயிர் வெளுத்ததா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாமல் இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள்.