பத்தில் ஒருவர் என்று சொன்னார்களே

பத்துப் பேருக்கு இணையம் கிடைத்தால் அதில் ஏறக்குறைய ஒருவர் வறுமையிலிருந்து மீண்டுவிடுகிறார். 2015 டிசம்பர் கடைசியில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் எழுதிய கட்டுரையில் ஃபேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பெர்க் இதை நமக்கெல்லாம் தெரிந்த உண்மை போலச் சொல்லிவிட்டுக் கடந்துபோனார். யார் கணக்கெடுத்தார்கள், எந்த நாட்டில், எந்த வேகத்து இணையம், எத்தனை வருடத்தில் மீண்டார்கள் என்று எதுவும் இல்லை. எந்தத் தொழில்நுட்பக் கம்பெனி "ஆய்வு சொல்கிறது" என்று ஆரம்பித்தாலும் எனக்கு இந்த வரிதான் முதலில் ஞாபகம் வருகிறது, ஏனென்றால் இணையத்தில் நாம் ஏமாறும் வழிகள் பலவும் அந்தச் சில மாதங்களில் ஒரே இடத்தில் குவிந்திருந்தன.

அப்போது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து ஃபேஸ்புக் இன்டர்நெட் டாட் ஆர்க் என்ற சேவையைத் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் கொண்டுவந்தது. ரிலையன்ஸ் சிம் வைத்திருந்தால் ஃபேஸ்புக்கையும் இன்னும் சில தளங்களையும் டேட்டா காசு இல்லாமல் பார்க்கலாம். மற்ற தளங்களுக்குக் காசு கட்ட வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பரில் ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயரை மாற்றினார்கள், எந்தத் தளமும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஆனால் விதிகளை எழுதுவதும் அனுமதி தருவதும் ஃபேஸ்புக்தான், அந்தத் தளங்களுக்குப் போகும் போக்குவரத்தும் ஃபேஸ்புக்கின் சர்வர்கள் வழியாகத்தான்.

இப்போது அந்த ஆய்வு விஷயத்துக்கு வருவோம். இணையம் வறுமையைக் குறைக்கும் என்று ஃபேஸ்புக் தரப்பு பேசியபோது அதன் பின்னால் இருந்த பெரிய அறிக்கை டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனம் 2014 பிப்ரவரியில் வெளியிட்டது. எழுதச் சொன்னதே ஃபேஸ்புக்தான். வளரும் நாடுகளில் இணையப் பயன்பாடு வளர்ந்த நாடுகளின் அளவுக்கு உயர்ந்தால் 14 கோடி வேலைகள் உருவாகும், 16 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து வெளியே வருவார்கள் என்று அது மதிப்பிட்டது. கம்பெனி பணம் கொடுத்ததாலேயே ஓர் ஆய்வு பொய்யாகிவிடாது, அதை வைத்து மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். இங்கே பிரச்சினை வேறு. அந்த மதிப்பீடு முழு இணையத்தைப் பற்றியது. "உயர்ந்தால்" என்ற நிபந்தனையின் மேல் நிற்பது. வளர்ந்த நாட்டில் ஒருவர் பயன்படுத்துவது போல தேடி, படித்து, விற்று, வாங்கி, வங்கிக் கணக்குப் பார்த்து, வீடியோவில் தொழில் கற்றுக்கொண்டு வாழும் இணையம் அது. ஃப்ரீ பேசிக்ஸ் தந்ததோ வீடியோகூட ஓடாத, பொறுக்கி எடுத்த சில தளங்கள். முழுச் சாப்பாட்டின் சத்தை அளந்துவிட்டு அந்தச் சான்றிதழை ஊறுகாய் பாக்கெட்டின் மேல் ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அளந்தது ஒன்று, விற்றது இன்னொன்று. எனக்குத் தெரிந்து இதுதான் ஆய்வின் பெயரால் நடக்கும் மிகப் பெரிய ஏமாற்று, ஏனென்றால் இதில் எண் எதையும் திருத்தவே வேண்டியதில்லை.

அப்புறம் முழுப்பக்க விளம்பரங்கள். ஃப்ரீ பேசிக்ஸையும், எல்லோருக்கும் இலவச அடிப்படை இணையச் சேவை கிடைக்க வேண்டும் என்ற கருத்தையும் 86 சதவீத இந்தியர்கள் ஆதரிக்கிறார்கள் என்று போட்டிருந்தார்கள். அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். "எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லி, ஒன்றுக்குக் கிடைக்கும் தலையாட்டலை மற்றதுக்கும் சேர்த்து எழுதிக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, ஃப்ரீ பேசிக்ஸ் வழியாக வருகிறவர்களில் 40 சதவீதம் பேர் முப்பது நாளுக்குள் காசு கட்டி முழு இணையத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்கள் அதற்கு முன்பு எப்போதாவது டேட்டா பேக் போட்டவர்களா? ஏற்கெனவே இணையத்தில் இருந்தவர் இலவசமாகக் கிடைக்கிறதே என்று உள்ளே வந்து, திரும்பவும் வழக்கம்போல ரீசார்ஜ் செய்தால் அவரும் அந்த 40-இல் ஒருவரா? விளம்பரத்தில் அதற்குப் பதில் கிடையாது. எண்ணியவரும் கம்பெனிதான், எண்ணிக்கையால் லாபமடைபவரும் கம்பெனிதான், நாம் சரிபார்க்கத் தரவும் இல்லை.

எனக்கு இன்றுவரை அதிகக் கோபம் வருவது அந்தக் கடிதங்களை நினைத்தால்தான். ஒரே சேவைக்குள் தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கலாமா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 டிசம்பரில் நான்கு கேள்விகளோடு மக்களிடம் கருத்துக் கேட்டது. ஃபேஸ்புக்கைத் திறந்தால், டிராய்க்கு ஆதரவுக் கடிதம் அனுப்பச் சொல்லி ஓர் அழைப்பு, கீழே ஏற்கெனவே எழுதி வைத்த கடிதம், ஒரு பொத்தான். டிராய்க்கு வந்த சுமார் 24 லட்சம் கருத்துகளில் ஏறக்குறைய 19 லட்சம் இப்படி வந்த ஆதரவுக் கடிதங்கள். அவை அந்த நான்கு கேள்விகளைத் தொடவே இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஃப்ரீ பேசிக்ஸ் வாழ்க என்று மட்டும் சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு கலந்தாய்வை, ஆட்களை எண்ணிக் காட்ட ஏற்பாடு செய்த கருத்துக்கணிப்பாகக் குறுக்குகிறீர்கள் என்று டிராய் ஃபேஸ்புக்குக்கே கடுமையாக எழுதியது. தன் தளத்தில் இருப்பவர்களின் கவனத்தையும் பெயரையும் எடுத்து, தன் வியாபாரத்தை முடிவு செய்யப்போகும் அரசு அமைப்பின் மேல் அழுத்தமாகத் திருப்பிவிடும் வசதி வேறு எந்தத் தொழிலுக்கு இருக்கிறது?

சரி, எதிர்த்தரப்பும் இதையே செய்யவில்லையா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். இதற்கு முன்பு டிராய் நடத்திய வேறொரு கலந்தாய்வின்போது, 2015 ஏப்ரலில், எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று கேட்ட சேவ் த இன்டர்நெட் இயக்கத்தின் வழியாக டிராய்க்குப் பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் போயின, அங்கேயும் தயார் செய்த பதில்கள்தான் இருந்தன. ஆனால் அந்தத் தன்னார்வலர்கள் அந்தக் கலந்தாய்வுக்கான டிராயின் 118 பக்க அறிக்கையைப் படித்து, சுருக்கி, அதிலிருந்த 20 கேள்விகளுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் எழுதி வைத்திருந்தார்கள். வேண்டுமானால் மாற்றி அனுப்பலாம். பதில் பிடிக்காதவர்களும் எந்தக் கேள்விக்கு என்ன வாதம் என்று பார்த்துச் சண்டை போட முடிந்தது. எத்தனை பேர் அனுப்பினார்கள் என்பதைவிட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

பத்திரிகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸக்கர்பெர்க்கின் கட்டுரையில் மகாராஷ்டிர விவசாயி ஒருவர் வருகிறார். ஃப்ரீ பேசிக்ஸில் வானிலை பார்த்தார், விளைபொருள் விலை பார்த்தார், நல்ல விலைக்கு விற்றார். இப்படி ஒரு மனிதரைக் கண் முன்னால் நிறுத்திவிட்டால் அதற்குப் பிறகு யார் கணக்குக் கேட்டாலும் ஏழை விவசாயிக்கு எதிரானவர் போலத் தெரிவார். அதே பத்திரிகை, இணையக் கொள்கை பற்றி எழுதும் மீடியாநாமா தளத்தின் நிகில் பாஹ்வா எழுதிய மறுப்பையும் போட்டது, அதைப் பாராட்ட வேண்டும். வானிலையும் விலையும் ஒரு விவசாயிக்கு எவ்வளவு முக்கியம் என்று நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அது அவருக்குக் கிடைக்க ஃபேஸ்புக் வாசல் வழியாகத்தான் போக வேண்டுமா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

2016 பிப்ரவரி 8 அன்று டிராய் தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று தடை போட்டது, மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். சில நாளில் ஃபேஸ்புக் இந்தியாவில் ஃப்ரீ பேசிக்ஸை மூடியது. ஏழைகளுக்குக் கிடைக்கவிருந்த இணையத்தைப் படித்தவர்கள் பிடுங்கிவிட்டார்கள் என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். அதே வருடம் செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலை சரிந்தது, ஆறே மாதத்துக்குள் 10 கோடிப் பேர் அதில் சேர்ந்தார்கள், முழு இணையத்தோடு. ஜியோ தொண்டு செய்ய வரவில்லை, போட்டிக் கம்பெனிகளை அது என்ன செய்தது என்பது தனிக் கதை. ஆனாலும் ஃப்ரீ பேசிக்ஸ் இல்லாவிட்டால் வேறு வழியே இல்லை என்ற வாதம் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. பத்தில் ஒருவர் மீண்டாரா என்று கணக்குப் பார்க்க அந்தக் கட்டுரையை எழுதியவர் திரும்பி வந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. இத்தனை மணி நேரம் மிச்சம், இத்தனை மடங்கு உற்பத்தி என்று தமிழ்ச் செய்தித் தளங்களில் தினமும் வருகிறது. பல செய்திகள் கம்பெனி அறிக்கையின் மொழிபெயர்ப்பு போலவே இருக்கின்றன, ஆய்வுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது கடைசிப் பத்தியில் இருக்கும், அல்லது இருக்காது. இந்தச் செய்திகளை எழுதும் நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பணம் கொடுத்தவர் பெயரை முதல் பத்தியிலேயே போடுங்கள், எதை அளந்தார்கள் என்பதை அவர்கள் விற்கும் பொருளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு இரண்டு வரிகள் போதும்.