விரதம்னு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க

போன வாரம் கல்யாண ப்ளவுஸ தேடி பீரோவ நோண்டிட்டு இருந்தப்ப அடியில பழைய மாத காலண்டர் ஒண்ணு சுருட்டிக் கெடந்துச்சு, 2014-ம் வருசத்துது. கட்டம் கட்டமா பென்சில்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. அதுபோக சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம், கார்த்திகை. புதனுக்கு மட்டுந்தான் ஒரு சாமியும் மாட்டல போல, ஞாயிறு கறி எடுக்குற நாளு, அது தனிக் கொடுமை. வீட்டுல எல்லாரும் இத பக்தின்னு நெனச்சாங்க. நான் சாப்புடாம தப்பிக்கிறதுக்குப் போட்ட டைம்டேபிள் இது.

அப்ப எனக்கு 22 வயசு. எம்.காம் முடிச்சு ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போயிட்டு இருந்தேன், வீட்டுல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சாங்க. முதல்ல வந்த வீட்டுக்காரங்க கேசரி பஜ்ஜி எல்லாம் சாப்புட்டுப் போயி, புரோக்கர்கிட்ட "பொண்ணு மொகம் லட்சணமாத்தான் இருக்கு, ஒடம்புதான் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னு சொல்லி விட்டுட்டாங்க. அவ்ளோதான். அதுக்கப்பறம் எங்க பெரியம்மா "கல்யாணம் முடியிற வரைக்கும் வாயக் கட்டு, அப்பறம் எப்புடி வேணா இருந்துக்க"ன்னு சொல்லிக்கிட்டே என் தட்டுல இன்னொரு கரண்டி கேசரிய வச்சாங்க பாருங்க, எனக்கு அது இப்பவும் மறக்கல, ஏன்னா நம்ம ஊர்ல ஒரே வாய்தான் ரெண்டையும் சொல்லும், தின்னு தின்னுன்னும் சொல்லும், தின்னா இப்புடித்தான் ஆகும்னும் சொல்லும்.

எத்தனை கிலோ இருந்தேன் எத்தனை கொறஞ்சேன்னு எழுத மாட்டேன். அந்த நெலமைல இருந்தப்ப இந்த மாதிரி யாரு எழுதுனாலும் நான் மொதல்ல நம்பரத்தான் தேடுவேன், தேடி அதவிட கீழ போகணும்னு நெனப்பேன்.

டயட்னு சொன்னா அம்மா விடாது. "விரதம்மா"ன்னா ஒரு வார்த்தை பேசாது, பக்கத்து வீட்டு அக்காகிட்ட பெருமையா சொல்லும். பகல் பூரா தண்ணியும் டீயும். ஆனா ராத்திரி 11 மணிக்கு மேல என்ன நடந்துச்சுன்னா, அது நான் இல்ல வேற யாரோ மாதிரி இருக்கும், அடுப்படில பானைல இருக்குற பழைய சோறு, டப்பால இருக்குற முறுக்கு, எதுன்னு இல்ல, நின்னுக்கிட்டே, ருசி கூடத் தெரியாம. அதுக்கப்பறம் பாத்ரூம். இதுக்கு மேல விவரமா எழுத வேணாம்.

சாப்புடாத நேரத்துல போன்ல பன் பரோட்டா வீடியோவா பாத்துக்கிட்டு இருப்பேன், அதுவும் நடுராத்திரில கூட இட்லி கெடைக்கிற மதுரைல இருந்துக்கிட்டு. எனக்கே என்னயப் பத்தி அசிங்கமா இருக்கும்.

சித்திரைத் திருவிழால அழகர எதிர்கொண்டு வரவேற்குற எதிர்சேவை அன்னைக்கி தல்லாகுளத்துல சொந்தக்காரங்க அத்தனை பேரும் பாத்துட்டு "செமையா எளச்சுட்டடி, என்ன பண்ற சொல்லு"ன்னு கேட்டாங்க. அழகரவிட அன்னைக்கி நான்தான் ஸ்பெஷல். தலைமுடி கொத்து கொத்தா கொட்டுனதும், நாலு மாசமா வீட்டுக்கு தூரமாகாததும் யாருக்குத் தெரியும். எங்க அப்பத்தா மட்டும், உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து வந்துருந்துச்சு, கையப் புடிச்சுப் பாத்துட்டு "என்னத்தா இப்புடி வத்தலாக் காஞ்சு கெடக்க, எந்தச் சாமி உன்னய பட்டினி கெடக்கச் சொல்லுச்சு"ன்னு கேட்டுச்சு. அப்பத்தாவ பெரிய ஞானின்னு நெனச்சுறாதீங்க, அது கேட்டுட்டு சும்மா இருக்கல, மூணு வேளையும் பக்கத்துல உக்காந்து நெஞ்சு முட்டத் திங்க வச்சுச்சு, அந்த ஒரு வாரந்தான் எனக்கு ரொம்ப மோசமான வாரம்.

ஐப்பசி மாசம் கந்த சஷ்டிக்கு திருப்பரங்குன்றத்துல காப்புக் கட்டுனேன். ஆறு நாளு. அங்க உண்மையான பக்தியோட வந்து தங்குறவங்களப் பாத்து கூசிப் போச்சு. சூரசம்ஹாரத்தன்னைக்கி எடுத்த போட்டோல ஒடம்பு பூரா எலும்பு, கன்னம் மட்டும் உப்பி இருக்கு. அந்தக் கன்னத்தப் பாத்துட்டு இன்னும் கொறைக்கணும்னு முடிவு பண்ணேன். அடிக்கடி வாந்தி எடுத்தா காதுக்குக் கீழ இருக்குற உமிழ்நீர் சுரப்பி வீங்கிரும்னு, அது கொழுப்பே இல்லன்னு பின்னாடிதான் டாக்டர் சொன்னாங்க.

கண்டுபுடிச்சது யாருன்னா பல் டாக்டர். மாமா பையன் பர்த்டேக்கு ஜிகர்தண்டா ஒரு ஸ்பூன் வாயில வச்சேன், பல்லுல மின்சாரம் பாஞ்ச மாதிரி கூசுச்சு. அந்தம்மா முன்பல்லோட உள்பக்கத்த கண்ணாடி வச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. அம்மாவ வெளிய உக்காரச் சொல்லிட்டு, கதவ சாத்திட்டு, "வாந்தி தானா வருதாம்மா, நீங்களா எடுக்குறீங்களா?"ன்னு மெதுவா கேட்டாங்க. வீட்டுல, ஆபீஸ்ல, கோயில்ல யாரும் கேக்காத கேள்வி. வயித்துல இருக்குற அமிலம் மேல வந்து வந்து எனாமல அரிச்சிருக்கு, அதுவும் உள்பக்கமா, அதனாலதான் அவங்களுக்குத் தெரிஞ்சுச்சு. நான் ஓன்னு அழுதுட்டேன்.

ரத்த டெஸ்ட்ல பொட்டாசியம் கொறவு. மாடிப்படி ஏறுறப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சது அதனாலதானாம், இன்னும் எறங்கியிருந்தா இதயத் துடிப்பே தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாம். மனநல டாக்டர் சொன்ன பேரு புலிமியா நெர்வோசா, 1979-ல ஜெரால்ட் ரசல்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் வச்ச பேரு. புலிமியான்னா கிரேக்கத்துல மாட்டுப் பசின்னு அர்த்தமாம். உடனே எனக்கு மணிமேகலைல வர்ற காயசண்டிகை ஞாபகம் வந்துச்சு, எவ்ளோ தின்னாலும் அடங்காத பசி அவளுக்கு, யானைத்தீன்னு பேரு. எழுதுன சாத்தனாரும் மதுரை தானிய வியாபாரிதான். அவளுக்கு சாபம், எனக்கு புரோக்கர்.

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயந்தான் என்னய ரொம்ப ஆறுதல்படுத்துச்சு. அமெரிக்காவுல மின்னசோட்டான்னு ஒரு எடத்துல, 1945-ல, 36 திடகாத்திரமான வாலிபப் பசங்களுக்கு ஆறு மாசம் பாதிச் சாப்பாடு மட்டும் கொடுத்துப் பாத்தாங்களாம். பசங்களுக்கு நெனப்பு பூரா சாப்பாடுதான், சிலர் சமையல் புஸ்தகமா வாங்கிக் குவிச்சிருக்காங்க, தட்ட நக்கியிருக்காங்க, அப்பறம் சோறு போட்டப்ப எவ்ளோ தின்னும் சிலருக்குப் போதும்னே தோணல. "உங்களுக்கு வாய்க்கட்டு இல்லாம இல்லம்மா, பட்டினி போட்டா எந்த ஒடம்பும் இதத்தான் செய்யும்"னாங்க. என் பன் பரோட்டா வீடியோவுக்கு அப்பத்தான் அர்த்தம் புரிஞ்சுச்சு.

வைத்தியம் என்னன்னா, மாத்திரை கொஞ்ச நாளு, வாரா வாரம் கவுன்சிலிங், அப்பறம் சாப்பாடு. பசிச்சாலும் பசிக்காட்டியும் மூணு வேளை, நடுவுல சின்னதா ஏதாச்சும், நாலு மணி நேரத்துக்கு மேல வயிறு காயக் கூடாது. முக்கியமா, எந்த விரதமும் கூடாது. அம்மா அங்கயே "சாமி குத்தம் ஆயிறாதா"ன்னுச்சு. நேரா போயி எங்க தெருக் கோயில் குருக்கள்கிட்ட கேட்டுச்சு. அவரு "நோயாளிக்கும் புள்ளத்தாச்சிக்கும் விரதம் கெடையாதும்மா, மொதல்ல சாப்புடச் சொல்லுங்க"ன்னுட்டாரு. டாக்டர் சொன்னத நம்பாத எங்கம்மா அவரு சொன்னத நம்புச்சு.

உடனே சரியாயிருச்சுன்னு இல்ல. ரெண்டு வருசம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவ திரும்ப விழுந்தேன். இப்பவும் வீட்டுல எடை மிஷின் வச்சுக்கிறதில்ல. பசங்களுக்கு இதெல்லாம் வராதுன்னும் நெனைக்காதீங்க, ஜிம் ஜிம்னு கெடக்குற எங்க சித்தி பையன் இட்லிய எண்ணித் திங்கிறதப் பாத்தா எனக்கு பக்குங்குது. யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.

ப்ளவுஸ் கதைக்கு வர்றேன். கொழுந்தனார் கல்யாணத்துக்கு அந்தப் பட்டுப் பொடவையக் கட்டணும், 2017-ல தச்ச ப்ளவுஸ் கை ஏறல. புதுமண்டபத்துல இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப் போன டெய்லர் அண்ணன்கிட்டயே கொண்டு போனேன், என்ன சொல்லப் போறாரோன்னு வழி பூரா யோசனை. அவரு திருப்பிப் போட்டு தையல ஒரு பார்வை பாத்தாரு. "உள்ள ரெண்டு இஞ்ச் விட்டுத்தானம்மா தச்சுருக்கேன், எல்லாருக்கும் விடுறதுதான். நாளான்னைக்கி வாங்க." டேப்ப வச்சு அளந்து நோட்டுல எழுதுனாரு. நம்பர நான் எட்டிப் பாக்கல. சரி, ஒரு தடவ பாத்தேன்.

வர்ற வழில பருத்திப்பால் ஒண்ணு வாங்கிக் குடிச்சேன். அன்னைக்கி வெள்ளிக்கிழமை.