தீவனப் போட்டியில் மதிப்பெண்ணை எங்கே வைப்பது?

ஊட்டி அருகே சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணைப் பக்கம் பயிற்சிக்கு வரும் கால்நடை மருத்துவ மாணவர்களுக்குத் தீவன வினாடி வினாப் போட்டி வைக்கப் போகிறீர்களா? முதலில் பஸ்ஸரை ஓரங்கட்டுங்கள். அது இருந்தால் வாயாடிகள் ரெண்டு பேர்தான் விளையாடுவார்கள். நாலு பேருக்கு ஒரு தாள், ஒரு கால்குலேட்டர். எழுதும் ஆள் கேள்விக்குக் கேள்வி மாற வேண்டும்.

முதல் சுற்று மூக்குக்கும் விரலுக்கும். பெயர் ஒட்டாத டப்பாக்களில் மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, கோதுமைத் தவிடு, அரிசித் தவிடு. அரிசித் தவிட்டை இரண்டு டப்பாவில் வைத்து, ஒன்றில் மட்டும் பொடித்த உமியைக் கலந்துவிடுங்கள். உள்ளங்கையில் தேய்த்தால் சொரசொரவென்று குத்தும். ஊட்டி ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை முகரக் கொடுக்காதீர்கள். மூடிய கண்ணாடி ஜாடியில் காட்டினால் போதும். அதிலுள்ள அஃப்ளடாக்ஸின் என்ற பூஞ்சண நஞ்சு மாட்டோடு நிற்பதில்லை, பாலிலும் இறங்கும்.

அடுத்தது கணக்கு. 20% புரதமுள்ள அடர்தீவனம் (தானியமும் பிண்ணாக்கும் கலந்தது) 100 கிலோ வேண்டும். மக்காச்சோளத்தில் 9%, கடலைப் பிண்ணாக்கில் 42% என்று கொடுங்கள். பியர்சன் சதுரம் போட்டால் (20க்கும் ஒன்றின் புரதத்துக்கும் உள்ள வித்தியாசமே மற்றதன் பங்கு) பிண்ணாக்கு 11 பங்கு, சோளம் 22 பங்கு, அதாவது 33.3 கிலோவும் 66.7 கிலோவும். பல குழுக்கள் இங்கேயே பேனாவை மூடிவிடும். தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதா உப்பு 1 கிலோ எங்கே போயிற்று? அவையும் அந்த நூறுக்குள் அடங்கினால் புரதம் 19.4க்கு இறங்கிவிடும். மீதி 97 கிலோவில் 20.6% இருக்க வேண்டும்: பிண்ணாக்கு சுமார் 34, சோளம் 63.

கேத்திப் பக்கத்துக் கழிவுக் கேரட்டையும் ஒரு கேள்வியாக்குங்கள். 400 கிலோ பசுவுக்கு நாளுக்கு எடையில் 3% என்றால் உலர்பொருள், அதாவது தீவனத்தில் தண்ணீர் போக மிஞ்சுவது, 12 கிலோ. 30 கிலோ கேரட்டைக் கண்டதும் மாட்டுக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று எழுதுவார்கள். 12% உலர்பொருள் என்று கணக்கிட்டால் 3.6 கிலோதான். மற்றதெல்லாம் தண்ணீர்.

பத்து மதிப்பெண்ணில் வழிமுறைக்கு 4, புரதத்துக்கு 3, உலர்பொருளுக்கு 2, விலைக்கு 1. விலைக்கு அதிகம் கொடுத்தால் புரதக் கணக்கை மலிவாக நிரப்ப யூரியாவைக் கொட்டுவார்கள். அடர்தீவனத்தில் யூரியா 1%க்கு மேல் போனாலோ, கன்றுத் தீவனத்தில் துளி இருந்தாலோ பூஜ்யம் போடுங்கள்.

தாளைத் திருத்தித் தராமல், தப்பான வரியை மட்டும் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுங்கள். பத்து நிமிடம், சரிசெய்தால் பாதி மதிப்பெண். பரிசு ஊட்டி வர்க்கி. ஜெயித்தவர்கள் முதலில் எடுக்கட்டும், மிச்சம் எல்லாருக்கும். டப்பாவைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவின பிறகு.