வெள்ளியங்கிரியில ஒரு ராத்திரி

முந்தாநேத்து ராத்திரி 9 மணிக்குப் கோயமுத்தூரு பக்கம் வெள்ளியங்கிரி மலை அடிவாரத்துல இருக்கற பூண்டியில ஆண்டவரைக் கும்பிட்டுட்டு, ஆளுக்கொரு மூங்கில் தடியோட ஏறுனோம். பங்குனி மாசத்து நெலா. ஆறு பேரும் கூடப் படிச்சவனுங்க, பத்து வருசம் கழிச்சு ஒண்ணாச் சேர்ந்தோம்.

மொதல் மலைப் படிதான் ஆளை உருக்கிரும். வெள்ளை விநாயகர் கோயில் வந்தப்பத்தான் மூச்சே வந்துச்சு. பாதியில செல்வம் உக்காந்துட்டான். வெறுங்காலோட ஏறிட்டிருந்த ஒரு பெரியவரு, "மெதுவா வாங்க கண்ணு, சாமி எங்கயும் போயிராது"ன்னாரு. அதுக்கப்புறம் அவன் எங்கயும் நிக்கலீங்க. கைதட்டி சுனையில குடிச்ச தண்ணியோட குளிர்ச்சி இன்னும் தொண்டையிலயே இருக்குது.

கடைசி மலையான ஏழாவது மலையில, காத்து ஆளைத் தள்ளுது. பாறைகளுக்கு நடுவுல சுயம்புலிங்கம். கற்பூரம் காட்டுறப்ப கெழக்கால வெளுத்துச்சு. ஒருத்தனும் பேசல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

ஒண்ணே ஒண்ணுதான் மனசைப் பிசையுது. வழி நெடுக பாட்டிலு, கவரு. கோயமுத்தூரு, திருப்பூரு தாண்டிப் போயி காவிரியில சேர்ற நம்ம நொய்யல் பொறக்கற மலைங்க இது! எறங்குறப்ப முடிஞ்சதைப் பொறுக்கி ஒரு சாக்கு கொண்டாந்தோம். போறவங்க தயவுசெஞ்சு உங்க குப்பையைக் கீழ கொண்டாந்துருங்க.